கம்பியில் குடியேறிய குரல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டு விழாவில் இசையைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். இசை பெருங்கடல். அதன் கரையில் ஒரு துறையில் மட்டும் இறங்கி நீராட எண்ணுகிறோம். மின்சாரம் பாயும் கம்பியிலே தம் முன்னோர் குரலை ஒலிக்கச் செய்த இருவர் வாழ்க்கையே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். ஒருவர் அமெரிக்க நாட்டின் கறுப்பினக் கலைஞர். புளூஸ் என்னும் இசையை மின்கிதாரில் வாசித்துப் புகழ் எய்திய மடி வாட்டர்ஸ். மற்றவர் நம் நாட்டவர். மின்சார மாண்டலினில் கருநாடக இசையை வாசித்த உப்பலப்பு ஸ்ரீநிவாஸ். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்றால் அறியாதார் இலர்.

இப்பொருளைக் குளத்தூரில் பேசுவானேன் என்று வினவுவோர் இருக்கலாம். காரணம் உண்டு. நாம் எல்லையில் வாழ்பவர்கள். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு கிழித்த நாளுக்கு முன்பே இங்கு வாழ்ந்த குடும்பங்களும் நம்மிடையே உண்டு. தொழில் பற்றிப் பின்னர் வந்து குடியேறிய குடும்பங்களும் உண்டு. இரு திறத்தார் இல்லங்களிலும் ஒரே கவலை எழுகின்றது. பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். மாலையில் கிதார் பயில விரும்புகின்றனர். "வீணை எங்கே, கிதார் எங்கே? தேவாரம் பாடிய நாவுக்கு இனி என்ன வேலை?" என்று பெரியோர் பெருமூச்சு விடுகின்றனர். அக்கவலையை நாம் எள்ளி நகையாட மாட்டோம். அதற்கு விடை தேடவே இவ்விருவர் வரலாற்றையும் துணைக்கு அழைக்கின்றோம்.

முதலில் மடி வாட்டர்ஸ். இவருடைய இயற்பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்டு. பாட்டியார் வளர்த்த பிள்ளை. சேற்றில் விளையாடும் குழந்தைக்குப் பாட்டியார் வைத்த செல்லப் பெயரே பிற்காலத்தில் உலகறிந்த பெயராயிற்று. மிசிசிப்பி மாநிலத்தில் கிளார்க்ஸ்டேல் நகரின் அருகே ஸ்டோவல் பண்ணை என்னும் பருத்திப் பண்ணையில் இவர் வளர்ந்தார். பருத்திக் காட்டில் உழைத்தார், இரவிலே பாடினார். அடிமை வாழ்வு சட்டத்தில் ஒழிந்தும் வறுமையும் இழிவும் ஒழியாத மக்களின் பாட்டே புளூஸ். பிரிவு, பசி, நெடுவழி, நன்றி மறந்த காதல் ஆகியவை அதன் பொருள். துயரத்தைச் சொல்லும், ஆயினும் துவண்டு விழாது. நம் உழவர் பாட்டையும் ஒப்பாரியையும் கேட்டவர்க்கு அதன் உள்ளம் எளிதில் விளங்கும்.

1941-இல் ஆலன் லோமாக்ஸ் என்பவர் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்திற்காக நாட்டுப் பாடல்களைப் பதிவு செய்துகொண்டு அப்பண்ணைக்கு வந்தார். மார்கன்ஃபீல்டின் பாட்டையும் பதிவு செய்தார். தம் குரல் இசைத்தட்டிலிருந்து எழக் கேட்ட அந்த இளைஞருக்குத் தம் கலையில் நம்பிக்கை பிறந்தது. 1943-இல் ஊரை விட்டுச் சிகாகோ நகருக்குப் புகைவண்டி ஏறினார். அக்காலத்தில் அவர் மட்டும் புறப்படவில்லை. 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர் என்பது வரலாறு. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர் நெஞ்சம் எப்படியிருக்கும் என்பதை இந்த அவைக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

சிகாகோவில் பகலெல்லாம் உழைப்பு; இரவில் மதுக்கூடங்களில் பாட்டு. ஆனால் அங்கே ஓர் இடர் நேர்ந்தது. ஊரில் நிலா முற்றத்தில் வாசித்த மரக்கிதார் நகரின் ஆரவாரத்தில் யார் காதுக்கும் எட்டவில்லை. பேச்சொலி, கண்ணாடிக் குவளையொலி, தெருவொலி எல்லாம் சேர்ந்து அதை விழுங்கின. பாட்டை விட்டுவிடுவதா, வாத்தியத்தை மாற்றுவதா? மார்கன்ஃபீல்டு மின்கிதாரை ஏந்தினார். ஊரிலிருந்து கொண்டுவந்த அதே பாட்டு, அதே வாசிப்பு. இப்பொழுது அது கடைசி வரிசை வரை கேட்டது. 1948-இல் வெளிவந்த அவருடைய இசைத்தட்டு சிகாகோவில் வெகு விரைவில் விற்றுப்போயிற்று. வாங்கியவர் யார்? அவரைப் போலவே தென்னாட்டிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளிகள். புதிய கருவியில் தங்கள் பழைய ஊரை அவர்கள் கேட்டனர்.

1958-இல் அவர் இங்கிலாந்து சென்றபோது ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. பழைய மரக்கிதாரில் நாட்டுப் பாடல் கேட்கலாம் என்று வந்திருந்த ரசிகர் சிலர் மின்கிதாரின் முழக்கம் கேட்டுத் திகைத்தனர். இது கலப்படம் என்று முகஞ்சுளித்தனர். பாட்டுக்கு உரியவன் பாடுகிறான். அவன் எப்படிப் பாடவேண்டும் என்பதைக் கேட்க வந்தவன் விதிக்கிறான்! ஆனால் அந்நாட்டு இளைஞர்களோ அவ்வொலியைப் பற்றிக்கொண்டனர். அவருடைய ஒரு பாட்டின் பெயரையே ரோலிங் ஸ்டோன்ஸ் என்னும் புகழ்பெற்ற குழு தன் பெயராக்கிக்கொண்டது. 1983-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மடி வாட்டர்ஸ் மறைந்தார்.

அந்த வாசிப்பின் நுட்பம் ஒன்றை இங்குச் சொல்ல வேண்டும். கிதாரில் மெட்டுகள் உண்டு. ஒரு மெட்டுக்கு ஒரு சுரம். இரண்டு சுரங்களுக்கு இடையே உள்ள இடம் மெட்டுக்கு எட்டாது. புளூஸ் பாடகனின் குரலோ அந்த இடையிடத்தில்தான் உயிர் வாழ்கிறது. நம் வழக்கில் சொல்வதானால், சாதாரண காந்தாரத்திற்கும் அந்தர காந்தாரத்திற்கும் நடுவே நின்று அது விம்முகிறது. அந்த விம்மலைக் கம்பியில் கொண்டுவர மடி வாட்டர்ஸ் விரலில் ஒரு குழாயை மாட்டிக் கம்பியின் மேல் வழுக்கினார். பிற கலைஞர் கம்பியை விரலால் இழுத்து வளைத்தனர். கோட்டுவாத்தியத்தில் மரக்கட்டையைக் கம்பியின் மேல் நகர்த்தி இராகத்தை எழுப்பும் கலையை அறிந்த நமக்கு இது புதுமையன்று. வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் எழுப்புவதும் இதன் உடன்பிறப்பே. கடல் கடந்த இரண்டு மக்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, குரலைக் கம்பிக்குக் கற்பிக்க ஒரே வழியைக் கண்டனர்.

இனி நம்மவர் வரலாற்றுக்கு வருவோம். ஸ்ரீநிவாஸ் 1969-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் ஆந்திர நாட்டுப் பாலகொல்லுவில் பிறந்தார். தந்தையார் சத்தியநாராயணா கிளாரினெட் வாசிப்பவர். ஐந்தாறு வயதுப் பிள்ளை மாண்டலினைக் கையிலெடுத்து விட்டுப் பிரிய மறுத்தது. மாண்டலின் என்பது இத்தாலி நாட்டு வாத்தியம். நம் நாட்டில் திரைப்பட இசையில் இடையிடையே சிணுங்கிவிட்டுப் போகும் கருவி என்றே அதை மக்கள் அறிந்திருந்தனர். அதில் இராக ஆலாபனை செய்வது நடவாத செயல் என்பதே பொதுவான எண்ணம்.

அவ்வெண்ணத்தில் நியாயமும் இருந்தது. மாண்டலினில் தந்திகள் இரட்டை இரட்டையாக நான்கு வரிசை, மொத்தம் எட்டு. இரண்டு தந்திகளையும் ஒருசேர அழுத்தி ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வது கடினம். அதன் உடலோ சிறியது. தட்டிய ஒலி தட்டிய மாத்திரத்தில் தேய்ந்து மறையும். அதனால்தான் மேனாட்டார் ஒரே சுரத்தைப் படபடவென்று மீட்டிக்கொண்டே இருப்பர். நம் இசைக்கோ கார்வை வேண்டும். ஒரு முறை மீட்டிய ஒலி நின்று, அசைந்து, ஏறி, இறங்கி, அடுத்த சுரத்தின் வாயிலைத் தொட்டுத் திரும்ப வேண்டும்.

ஸ்ரீநிவாஸ் கண்ட வழி இதுதான்: இரட்டைத் தந்திகளை விடுத்து ஒற்றைத் தந்திகளைக் கட்டினார், கீழ்ச் சுரங்களுக்கென ஐந்தாம் தந்தி ஒன்று சேர்த்தார், மரக்குடுவைக்குப் பதிலாக மின்சார மாண்டலினைக் கொண்டார். மின்கருவியின் வேலை எளிமையானது. தந்தியின் கீழே ஒரு காந்தம். காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பி. எஃகுத் தந்தி அதிரும்போது அச்செம்புச் சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கின்றது. அதனைப் பெருக்கி ஒலியாக்கினால், விரலின் மெல்லிய அசைவும் அவையோர் செவியை எட்டும். மடி வாட்டர்ஸ் கூட்டத்தின் இரைச்சலை வெல்ல மின்சாரத்தை நாடினார். ஸ்ரீநிவாஸோ நாதம் நின்று ஒலிக்க அதனை நாடினார். நோக்கம் வேறு; செய்தது ஒன்றே. தம் முன்னோர் இசையைக் கருவிக்காகக் குறைக்காமல், கருவியை அவ்விசைக்காக மாற்றினர்.

ஆனால் அன்பர்களே, கருவியை மாற்றியதனால் மட்டும் இசை வந்துவிடவில்லை. இதுவே நம் பேச்சின் உயிர்நிலை. ஸ்ரீநிவாஸின் குரு ருத்ரராஜு சுப்பராஜு அவர்கள். அவர் செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவர், வாய்ப்பாட்டுக்காரர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. பின் எவ்வாறு கற்பித்தார்? பாடினார். குரு பாடுவார், சீடன் அக்குரலைத் தன் கருவியில் தேடுவான். எந்த விரலை எங்கே வைப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை; மாண்டலினில் கருநாடக இசைக்கென வகுத்த பாடநூலும் கையில் இல்லை. குரல் ஒன்றே நூல். செவி ஒன்றே வழிகாட்டி. அதனாலேயே அந்தப் பிள்ளையின் மாண்டலின் பிற மாண்டலின்களைப் போல ஒலிக்காமல் பாடகரைப் போல ஒலித்தது. குரு மாண்டலின் தேர்ந்தவராக இருந்திருந்தால் ஒருவேளை மாண்டலின் வித்தையைக் கற்றுத் தந்திருப்பார். பாடகராக இருந்ததனால் இசையைக் கற்றுத் தந்தார்.

1978-இல் குடிவாடாவில் தியாகராஜர் ஆராதனை விழாவில் அரங்கேற்றம், அகவை ஒன்பது. 1981-இல் சென்னையில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடையில் கச்சேரி, அகவை பன்னிரண்டு. அயல்நாட்டுக் கருவி, அதுவும் மின்கருவி, அதையும் ஒரு சிறுவன் வாசிப்பதா என்று தயங்கியோர் இருந்தனர். அவர்கள் தயக்கத்திற்கு அச்சிறுவன் வாயால் மறுமொழி சொல்லவில்லை, வாசித்தான். சில ஆண்டுகளில் மார்கழி இசைவிழாவில் அவன் கச்சேரிக்கு இடம் கிடைப்பது அரிதாயிற்று. ஊர் விட்டுச் சென்னைக்குக் குடிவந்த தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளையைத் தமிழ் நாடு தன் பிள்ளை என்று தோளில் தூக்கிக்கொண்டது. குடியேறியவரை வரவேற்கும் பண்பும் நம்மிடம் உண்டு என்பதை இங்கே பெருமையோடு நினைவுகூர்வோம்.

1983-இல், மடி வாட்டர்ஸ் மறைந்த அதே ஆண்டில், பதினான்கு வயது ஸ்ரீநிவாஸ் மேற்கு பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தார். காலம் செய்யும் கோலங்களில் இதுவும் ஒன்று. 1990-களின் இறுதியில் ஜான் மெக்லாலின் என்னும் ஆங்கிலேயக் கிதார் மேதையின் 'ரிமெம்பர் சக்தி' குழுவில் அவர் சேர்ந்தார். தபேலா ஜாகிர் உசேன், கஞ்சிரா செல்வகணேஷ், பின்னர் பாடகர் சங்கர் மகாதேவன் ஆகியோர் உடனிருந்தனர். அந்த மெக்லாலின் சிறுவயதில் எந்த இசையைக் கேட்டுக் கிதார்மேல் காதல் கொண்டார் தெரியுமா? மிசிசிப்பியின் புளூஸ், மடி வாட்டர்ஸ் முதலியோரின் இசைத்தட்டுகள். பின்னாளில் அவர் வீணையும் பயின்றார். ஆகவே ஒரே மேடையில் பருத்திக் காட்டின் குரல் ஒரு கிதார் வழியாகவும், தியாகராஜரின் குரல் ஒரு மாண்டலின் வழியாகவும் அருகருகே அமர்ந்து உரையாடின. ஒன்றையொன்று விழுங்கவில்லை. தன் மொழியை நன்கு அறிந்தவனே அயலானோடு அச்சமின்றிப் பேசுவான்.

1998-இல் பத்மஸ்ரீ விருதும், 2009-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருதும் அவரை அடைந்தன. தம்பி ராஜேஷும் மாண்டலின் கலைஞரானார். 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் சென்னையில் ஸ்ரீநிவாஸ் மறைந்தார். அகவை 45. முதுமையின் கனிவை அவர் வாசிப்பில் கேட்கும் பேறு நமக்கு வாய்க்கவில்லை. ஆயினும் ஒன்பது வயதில் மேடை ஏறியவர் முப்பத்தாறு ஆண்டுகள் வாசித்துவிட்டே சென்றார் என்று மனந்தேறுவோம். அவருக்குப் பின் இளைஞர் பலர் மாண்டலினை ஏந்தியுள்ளனர். இராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா மின்கிதாரிலேயே கீர்த்தனைகளை வாசித்து வருகிறார். மின்கிதார் மேதை ஜிம்மி ஹென்ட்ரிக்ஸ் நினைவாக 2006-இல் ஓர் இசைத்தொகுப்பும் வெளியிட்டார்.

அயல் வாத்தியம் நம் வாத்தியமாவது இது முதன்முறையன்று. இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? அது ஐரோப்பியர் கப்பலில் வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கற்று நம் இசைக்குப் பழக்கினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு திருவனந்தபுரம் அரசவைக்கு வந்தபோது, 1834-இல் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். தஞ்சையிலிருந்து வந்த தமிழர், ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம், பரிசளித்தவர் திருவிதாங்கூர் மன்னர். நமக்கு வடக்கே சில காத தொலைவில் நிகழ்ந்த செய்தி இது.

அதே திருவனந்தபுரத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கம் இல்லாதிருந்தது. 2006-இல் அவ்வழக்கத்தை மாற்றி அங்கே முதன்முதல் அமர்ந்து பாடிய பெண்மணி யார்? நம் பக்கத்து ஊரில் பிறந்த பாறசாலை பொன்னம்மாள் அவர்கள். 1924-இல் பிறந்து, 2017-இல் பத்மஸ்ரீ பெற்று, 2021-இல் மறைந்த அம்மையார் எண்பது வயது கடந்த பின்னரே அந்த மேடை ஏறினார். வயலினுக்குத் திறந்த கதவு ஒரு பெண்ணின் குரலுக்குத் திறக்க அத்தனை காலம் ஆயிற்று! இசைக்கு எல்லை வகுப்பவர் மனிதரே. ஆதலின் அவ்வெல்லையை நீக்கவும் மனிதரால் இயலும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன கவலைக்கு வருவோம். பிள்ளை கையில் கிதார் இருக்கிறதே என்று அஞ்ச வேண்டா. கருவிக்குத் தாய்மொழி இல்லை. அதை வாசிக்கும் விரலுக்கு உண்டு. விரலுக்கு அதைக் கற்றுத் தருவது செவி. ஸ்டோவல் பண்ணையில் பாட்டு ஒலித்தது. ஆகவே சிகாகோவின் மின்கிதார் அந்தப் பண்ணையின் பாட்டைப் பாடிற்று. சுப்பராஜு பாடினார், ஆகவே ஸ்ரீநிவாஸின் மாண்டலின் கீர்த்தனை பாடிற்று. நம் வீட்டில் என்ன ஒலிக்கிறது? தாலாட்டு உண்டா? பாட்டி பாடும் திருப்புகழ் உண்டா? நடவுப் பாட்டைச் சொல்லத் தாத்தாவுக்கு நேரம் உண்டா? பிள்ளைக்குக் கேட்க நேரம் உண்டா? வீட்டில் ஒலி இருந்தால் அது எந்தக் கம்பியிலும் குடியேறும். வீடு ஊமையாய் இருந்தால், வீணையையே வாங்கிக் கொடுத்தாலும் அது மரமும் கம்பியுமாய்க் கிடக்கும். மின்சாரம் உள்ளதைத்தான் பெருக்கும், இல்லாததைப் படைக்காது.

மொழிக்கும் இதுவே விதி. மலையாளம் பயிலும் பிள்ளை தமிழை இழப்பதில்லை. தமிழ் கேளாத பிள்ளையே இழக்கின்றது. அண்டை மொழி நமக்குப் பகையன்று. நம் இல்லத்து அமைதியே நாம் அஞ்ச வேண்டிய பகை.

ஆகவே சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள் விடுத்து அமைகிறோம். திங்கள்தோறும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். பெரியோர் தமக்குத் தெரிந்த பழம்பாட்டைப் பாடட்டும். சுருதி சற்றுப் பிசகினாலும் பாதகமில்லை. கிதாரும் கீபோர்டும் பயிலும் பிள்ளைகள் எதிரே அமர்ந்து, தாளைப் பாராமல், அக்குரலைக் கேட்டுக் கேட்டு வாசிக்கட்டும். ஓர் ஆண்டு இதனைச் செய்தால், அடுத்த ஆண்டு விழாவில் இதே மேடையில் நம் முன்னோர் குரலை மின்கம்பியில் கேட்போம். அன்று மேடையில் இருப்பது யாருடைய வாத்தியம் என்று எவரும் வினவார். இது நம் பாட்டு என்று பாட்டிமாரே தலையசைப்பர்.